கற்பனை ரயில்வேக்கு டெரியர் இன்ஜின்: பல வருஷம் ஓட்டின அனுபவம்

வீட்ல ஓஓ ஸ்கேல்ல (நிஜத்துல 76ல ஒரு பங்கு சைஸ்) ஒரு மாடல் ரயில், கற்பனை பிராஞ்ச் லைன் (கிளைப் பாதை) வெச்சிருக்கேன், இங்கிலாந்துல சசெக்ஸ் பக்கம் 1905 வாக்குல ஓடுன ஒரு குட்டி கம்பெனின்னு கதை. ரொம்ப வருஷமா அதுல முழு வேலையும் பாக்கறது டெரியர்ங்கற குட்டி நீராவி இன்ஜினோட மாடல் தான். கற்பனை லைனுக்கு இன்ஜின் தேடறவங்க இத தைரியமா வாங்கலாம், ஏன்னா நிஜமாவே அப்படித்தான் நடந்துச்சு. வில்லியம் ஸ்ட்ரௌட்லி டிசைன் பண்ணி 1872ல இருந்து 1880க்குள்ள பிரைட்டன்ல 50 இன்ஜின் கட்டுனாங்க, லண்டன் புறநகர் வண்டிங்க கனமாக ஆக இதுங்களால முடியல, ஒவ்வொண்ணா வித்தப்போ காசு கம்மியா இருந்த சின்ன ரயில்வேங்க வாங்கிக்கிச்சு. 1901ல ரோதர் வேலி ரயில்வே ஒண்ண வாங்கி போடியம்னு பேர் வெச்சு ஓட்டுச்சு. அப்புறம் நம்ம கம்பெனியும் ஒண்ணு வாங்குச்சுன்னா யார் கேள்வி கேக்க முடியும்?

ஸ்லோ ஸ்பீடு அருமை, பிளாட்ஃபாரம் உள்ள வர்றப்போ சக்கரத்து ஆரத்த ஒவ்வொண்ணா எண்ணலாம். தொல்லை பாயிண்ட்ல (தண்டவாளம் பிரியற இடம்) தான். ஆறே சக்கரம், அதுவும் நெருக்கமா இருக்கு, பாயிண்ட்ல தண்டவாளங்க குறுக்க சந்திக்கற ஃப்ராக் பிளாஸ்டிக்கா இருந்தா கரண்ட் விட்டுப்போய் அங்கயே நின்னுடும், கையால தள்ளித்தான் விடணும். பாயிண்ட் எல்லாத்தையும் லைவ் ஃப்ராக்கா (கரண்ட் போற உலோக ஃப்ராக்) மாத்தி, டீகோடரோட (இன்ஜின் உள்ள இருக்கற கன்ட்ரோல் சிப்) ஒரு ஸ்டே அலைவ் கெப்பாசிட்டரும் (கரண்ட் விட்டாலும் கொஞ்ச நேரம் ஓட வெக்கறது) வெச்சேன், அதுலேர்ந்து நிக்கறதே இல்ல. சக்கரம் தொடைக்க, டிஷ்யூ பேப்பர்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு தண்டவாளம் மேல போடுங்க, பின் சக்கரம் வெளிய நின்னு கரண்ட் எடுக்கணும், முன் சக்கரம் பேப்பர் மேல சுத்தணும், ரெண்டு கருப்பு கோடு விழும் பாருங்க, அதான் அழுக்கு, அப்புறம் திருப்பி வெச்சு இன்னொரு தடவ. இழுவை கம்மி, நாலு சக்கர கோச் மூணு தாராளம், ஏத்தத்துல அதுக்கு மேல கேக்காதீங்க.

டெரியர்ல ஏ1, ஏ1எக்ஸ்னு ரெண்டு வகை, வாங்கறப்போ எதுன்னு கண்டிப்பா பாருங்க. ஏ1எக்ஸ் 1911ல இருந்து புது பாய்லர் போட்டு மாத்துனது, ஸ்மோக்பாக்ஸ் (பாய்லருக்கு முன்னாடி புகை சேர்ற பெட்டி) நீளமா இருக்கும், மணல் பெட்டி ஃபுட்பிளேட்டுக்கு (சக்கரத்துக்கு மேல நீளமா ஓடற தட்டு) கீழ போயிருக்கும், ஏ1ல அது முன் சக்கரத்து மூடியோட சேர்ந்து மேல இருக்கும். என்ன மாதிரி 1905 லைன் வெச்சிருக்கவங்களுக்கு ஏ1 மட்டுந்தான் பொருந்தும், விலை கம்மியா கெடைக்குதுன்னு ஏ1எக்ஸ் பக்கம் போயிடாதீங்க.