பிளான் வேறு, வசதி வேறு: ஸ்ட்ரைப் என்டைட்டில்மெண்ட்ஸ் ஓராண்டு பயன்படுத்திய பிறகு

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சந்தா மென்பொருள் நடத்துகிறோம். ஆரம்பத்தில் அடிப்படை, புரோ என்று இரண்டே பிளான்கள். நிரலில் எங்கே பார்த்தாலும் "பிளான் புரோவா?" என்ற கேள்விதான், மொத்தம் 37 இடங்களில். அப்புறம் "டீம்" என்று மூன்றாவது பிளான் கொண்டுவந்தோம். 36 இடங்களில் திருத்திவிட்டு ஒன்றை நான் விட்டுவிட்டேன். புரோவிலிருந்து டீமுக்கு மாறிய ஒரு வாடிக்கையாளர், "கூடுதலாகப் பணம் கட்டினேன், இருந்த எக்ஸ்போர்ட் பட்டன் காணாமல் போய்விட்டது" என்று எழுதினார். அந்த வரியைப் படித்த அன்றே இந்த முறையை மாற்ற முடிவு செய்தேன்.

இணையத்தில் பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப்பில் ஏற்கெனவே பில்லிங் ஓடியதால், யாருக்கு எந்த வசதி உண்டு என்று கணக்கு வைக்கும் அதன் என்டைட்டில்மெண்ட்ஸை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பெயரும் ஒரு லுக்அப் கீயும் (நிரல் அதை அடையாளம் காணும் குறிச்சொல்) கொடுத்து, அதை புராடக்டோடு, அதாவது ஸ்ட்ரைப்பில் நாம் விற்பனைக்கு வைக்கும் பிளானோடு, இணைக்க வேண்டும். வாடிக்கையாளர் அந்த புராடக்டுக்குச் சந்தா எடுத்ததும் வசதி அவர் கணக்கில் வந்துவிடும். எங்கள் நிரல் இப்போது பிளான் பெயரையே கேட்பதில்லை, "இவருக்கு எக்ஸ்போர்ட் உண்டா?" என்று மட்டும் கேட்கிறது.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்ட்ரைப்பைப் போய்க் கேட்கக் கூடாது. வசதிப் பட்டியலின் நகலை நம் டேட்டாபேஸில் வைத்துக்கொண்டு, வெப்ஹூக் (ஏதாவது மாறினால் ஸ்ட்ரைப் நம் சர்வருக்கு அனுப்பும் செய்தி) வரும்போது புதுப்பிக்க வேண்டும். வெப்ஹூக்குகள் வரிசை மாறி வரலாம், ஒன்றே இரண்டு முறையும் வரலாம். அதனால் செய்தி வந்தால் அதை ஒரு மணியோசையாக மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த வாடிக்கையாளரின் நடப்புப் பட்டியலை ஸ்ட்ரைப்பிடம் ஏபிஐ (நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) வழியாகப் புதிதாக வாங்குகிறோம். இதை எழுத அரை நாள் ஆனது. ஸ்ட்ரைப்பின் டெஸ்ட் கிளாக்கில் (நாட்களை முன்னே தள்ளிச் சோதிக்க உதவும் போலிக் கடிகாரம்) 14 நாள் டிரையல் வைத்து, கடிகாரத்தை 15ஆம் நாளுக்குத் தள்ளிப் பார்த்தேன். பிறகு சந்தாவை ரத்து செய்தும் பார்த்தேன். ரத்தானதும் எங்கள் நகலில் பட்டியல் காலி. திரையில் அவர் பழைய ரிப்போர்ட்டுகளும் சேர்ந்து பூட்டிக்கொண்டன! அவர் உழைத்து உருவாக்கியவை அவை. "ரிப்போர்ட் பார்த்தல்" என்பதை வசதிப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம். புதிதாக உருவாக்க மட்டும்தான் இப்போது அனுமதி தேவை. இதை எந்தக் கருவியும் நமக்காக முடிவு செய்யாது.

குறை என்றால், இங்கே எல்லாமே உண்டு, இல்லை என்ற இரண்டுதான். "10 உறுப்பினர்கள் வரை" போன்ற வரம்புகளை நேரடியாகச் சொல்ல வழியில்லை. வசதியின் மெட்டாடேட்டாவில் (நாமே சேர்க்கும் குறிப்புகளில்) எண்ணை எழுதி வைக்கலாம், ஆனால் பிளானுக்கு மேல் ஆட்-ஆன் வாங்கியவருக்குக் கூட்டிக் கணக்குப் பார்ப்பது நம் வேலை. நாங்கள் தனி டேபிள் போட்டோம். ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வசதியைத் திறந்துவிட வேண்டுமென்றாலும், பூஜ்ய விலையில் ஒரு புராடக்டை அவர் சந்தாவில் சேர்க்க வேண்டியிருக்கிறது. சந்தா பில்லிங்குக்கான இன்னொரு சேவையான சார்ஜ்பீயில் எண்ணிக்கை, வீச்சு என்ற வகைகளும், தனி ஒரு சந்தாவுக்கு மட்டும் மாற்றும் வசதியும் உண்டு. வரம்புகளை வைத்தே பிளான் பிரிப்பவர்கள் அதை முதலில் பார்ப்பது நல்லது.

இன்னொன்று. வசதிகள் புராடக்டோடு ஒட்டியவை, விலையோடு அல்ல. புதிய பிளானில் ஏதாவது குறைக்கப் போகிறீர்களானால் அதே புராடக்டில் புதிய விலை மட்டும் போடாதீர்கள், தனி புராடக்டாக உருவாக்குங்கள். இல்லையென்றால் நம்மை நம்பி முதலில் வந்த பழைய வாடிக்கையாளர்களிடமிருந்தும் அது பறிபோகும்.

போன மாதம் எக்ஸ்போர்ட்டை அடிப்படைப் பிளானுக்கும் கொடுத்தோம். டாஷ்போர்டில் அந்த புராடக்டோடு வசதியை இணைத்தேன், சோதனைக் கணக்கு ஒன்றில் சந்தா எடுத்தேன், பட்டன் வந்து நின்றது. நிரலில் ஒரு வரி தொடவில்லை.