முதலில் எடையைப் பாருங்கள்: கேட்டர்ஹாம் செவன், லோட்டஸ் எலீஸ், மோர்கன் ப்ளஸ் ஃபோர்

இங்கிலாந்தின் சிறு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒப்பிட உட்கார்ந்தால் குதிரைத்திறனில் ஆரம்பிப்பது வீண் வேலை. எடைதான் முதல் கேள்வி. கேட்டர்ஹாம் செவன் 170 வெறும் 440 கிலோ. 1996-இல் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோ. 2020-இல் வந்த மோர்கன் ப்ளஸ் ஃபோர், பெட்ரோல், ஆயில் எதுவும் ஊற்றாமலே ஆயிரம் கிலோவைத் தாண்டுகிறது. மூன்றிலும் இரண்டு இருக்கை, மூன்றையும் தள்ளுவது பின்சக்கரம். ஓட்டிப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத மூன்று கார்கள்.

செவனின் மூலம், எடைக் குறைப்பையே கொள்கையாகக் கொண்ட லோட்டஸ் நிறுவனர் காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன். 1973-இல் கேட்டர்ஹாம் அதன் உரிமையை வாங்கியது, அடிப்படை வடிவத்தில் இன்றுவரை கைவைக்கவில்லை. 170-இல் இருப்பது சுஸுகியின் 660 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சின். 84 குதிரைத்திறன்தான். ஜப்பானின் 'கேய்' எனும் குட்டிக் கார் விதிகளுக்குள் அடங்கிவிடும் அளவுக்குச் சின்ன உருவம். டயரின் அகலம் 155 மி.மீ. சந்தோஷமே அந்த ஒல்லி டயரில்தான் இருக்கிறது. பிடிமானம் குறைவு என்பதால் சாதாரண வேகத்திலேயே வளைவில் கார் லேசாக நழுவுவது தெரியும். ஸ்டீயரிங்கையும் ஆக்சிலரேட்டரையும் வைத்து அதைத் திருத்திக்கொள்ளலாம். 600 குதிரைத்திறன் காரில் இதே அனுபவம் வேண்டுமென்றால் லைசென்ஸைப் பணயம் வைக்க வேண்டும்.

ஆனால் மழை வந்தால் துணிக் கூரையை மாட்டி முடிப்பதற்குள் நனைந்துவிடுவீர்கள். நெடுஞ்சாலையில் பக்கத்து லாரியின் சக்கரம் உங்கள் காதுக்கு நேராகச் சுற்றும். இரண்டு பேர் ஏறினால் சேர்த்து 150 கிலோ வைத்துக்கொள்ளுங்கள், அது காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. தனியாக ஓட்டிய காரும் துணையோடு ஓட்டும் காரும் ஒன்றல்ல.

எலீஸ் இதே கணக்கை வேறு வழியில் போட்டது. நார்ஃபோக்கில் ஹெத்தல் என்ற இடத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளத்தில்தான் லோட்டஸ் தொழிற்சாலை. அங்கே அலுமினியத் துண்டுகளை எபாக்ஸிப் பசையால் ஒட்டி 68 கிலோவில் ஒரு சேஸிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், செய்தார்கள். எடை குறைந்த சேஸிஸ், ஆனால் வளைந்து கொடுக்காதது. சேஸிஸ் விறைப்பாக இருந்தால் ஸ்பிரிங்கை மென்மையாக வைக்கலாம், அதனால் மேடுபள்ளமான கிராமத்துச் சாலையிலும் கார் துள்ளாமல் தரையோடு ஒட்டிப் போகும். எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைவு, ஆகவே பவர் ஸ்டீயரிங் தேவையில்லை. அது இல்லாததால் சாலையின் ஒவ்வொரு சொரசொரப்பும் கைக்கு வந்துவிடும். எடையைக் குறைத்தால் பிரேக் சிறிதாகலாம், டயர் ஒடுங்கலாம், அதனால் எடை இன்னும் குறையும். வட்டி குட்டி போடுகிற மாதிரிதான். 118 குதிரைத்திறன் கொண்ட 1.8 லிட்டர் ரோவர் எஞ்சின் இங்கே தாராளம்.

மோர்கன் பற்றி ஒரு வதந்தியைத் தீர்த்துவிடலாம்: அதன் சேஸிஸ் மரமல்ல. மோர்கன் தொழிற்சாலை இருக்கும் மால்வெர்னில் இன்றும் ஆஷ் மரத்தில் இழைப்பது மேல்கூட்டின் சட்டத்தை மட்டும்தான், அடியில் இருப்பது அலுமினியம். பிஎம்டபிள்யூவின் 2 லிட்டர் டர்போ, 255 குதிரைத்திறன். நேர்ச்சாலையில் பறக்கும், அழகுக்குக் குறையே இல்லை. ஆனால் ஓட்டும் சுகத்தை மட்டும் கேட்டு வருபவருக்கு இது மூன்றாவது இடம்தான். இதை வாங்குபவர் பாதிக் காசை நீண்ட பானெட்டுக்கும் தச்சு வேலைக்கும் தருகிறார். அதில் தப்பில்லை.

முதல் இடத்துக்குப் போட்டி மற்ற இரண்டுக்கும்தான். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் என்றால் செவன். இரண்டு நாள் பயணம் என்றால் எலீஸ், பையை வைக்கக் கொஞ்சம் இடமாவது உண்டு. ஒன்றே ஒன்று என்றால் நான் எலீஸ் பக்கம். செவன் தன் சுகத்துக்காக உங்களை வருத்துகிறது, எலீஸ் அவ்வளவு கேட்பதில்லை. என்ன, அகலமான பக்கச் சட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்க இடுப்பு ஒத்துழைக்க வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. செவனைப் புதிதாக வாங்கலாம், இங்கிலாந்தில் பெட்டியில் உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டவும் செய்கிறார்கள். எலீஸ் உற்பத்தி 2021-இல் நின்றுவிட்டது. லோட்டஸ் இப்போது எலெட்ரே என்று சுமார் இரண்டரை டன் மின்சார எஸ்யூவி விற்கிறது. சாப்மன் 1982-இலேயே காலமாகிவிட்டார், ஒருவிதத்தில் நிம்மதி. ஆக, எலீஸ் வேண்டுமென்றால் பழையதுதான். ரோவர் எஞ்சின் என்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேற்பகுதியை அடைக்கும் தகடு) மாற்றிய கணக்கைக் கேளுங்கள், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் அளவைப் பாருங்கள். அதைவிட முக்கியம் சேஸிஸ்: பசையால் ஒட்டியதை அடிபட்ட பிறகு நிமிர்த்துவது லேசான காரியமல்ல. விபத்தில் சிக்கிய வண்டி என்று தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.