ஃபுட்பால் கேம்ப் அழைப்பு வந்தால் உடனே பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் ஹைஸ்கூலில் பிள்ளை ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால், காலால் உதைக்கும் சாக்கர் இல்லை) ஆடும் வீடுகளுக்கு மட்டும் இந்தப் பதிவு. கோடை நெருங்கினால் கல்லூரிகளிலிருந்து மெயிலாக வந்து குவியும், "உன் ஆட்டம் எங்கள் கோச்களுக்குப் பிடித்திருக்கிறது, ஜூன் கேம்புக்கு வா" என்று. படித்ததும் பையன் தரையில் நிற்க மாட்டான்.

என் மகன் பத்தாவது முடித்தவன், கார்னர்பேக், அதாவது எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுபவனை மறிக்கும் தடுப்பாட்டக்காரன். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிவிஷன் த்ரீ (கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு) கல்லூரியின் கேம்பும், பெரிய பல்கலைக்கழக மைதானத்தில் பல கல்லூரி கோச்கள் வருவதாகச் சொல்லும் ஒரு மெகா கேம்பும் ஒரே நாளில் வந்தன. மெகா கேம்ப் போஸ்டர் முழுக்கக் கல்லூரி லோகோக்கள். கட்டணம், ஹோட்டல், அது போக "தனி மதிப்பீட்டு அறிக்கை" என்று கூடுதல் பணம், எல்லாம் கட்டி மெகா கேம்புக்குப் போனால், லோகோ போட்ட கல்லூரிகளில் பாதிக்கு மேல் ஆளே வரவில்லை. டிரில் (பயிற்சி) நடத்தியவர்கள் பெரும்பாலும் அந்தப் பல்கலைக்கழக மாணவ வீரர்கள். வெயிலில் நீள வரிசை, ஒருவனுக்கு எதிராக ஒருவன் ஆடும் ஒன்-ஆன்-ஒன்னில் இவன் முறை வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். 40 யார்டு ஓட்டத்தை ஒரு பையன் கையில் ஸ்டாப்வாட்ச் வைத்து எடுத்தான், அந்த நேரம்கூட எங்களுக்கு வரவில்லை. அறிக்கை வந்தது, நாலே வரி, அதில் என் மகன் லைன்பேக்கராம், அது வேறு இடத்தில் நின்று ஆடுபவன்!

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் அடுத்த கூத்து. ரசீதில் இருந்தது பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, ஏதோ ஒரு தனியார் கம்பெனி. (கோச்களே கம்பெனி வைத்து கேம்ப் நடத்துவது இங்கே சகஜம்.) பல்கலைக்கழகம் கம்பெனியைக் கேள் என்றது, கம்பெனி விதிமுறையைப் படி என்றது.

கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி கல்லூரி கேம்புகள் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயது, வகுப்பு, எண்ணிக்கை மாதிரி சில வரம்புகள்தான் வைக்கலாம். மேல் பிரிவான டிவிஷன் ஒன் கல்லூரிகள் ஃபுட்பாலில் பதினோராம் வகுப்பின் செப்டம்பர் 1-க்குப் பிறகுதான் ஆள் சேர்ப்புக் கடிதம் அனுப்பலாம், கேம்ப் விளம்பரத்துக்கு அந்தத் தடை கிடையாது. அப்படியென்றால் பத்தாவது பையனுக்கு அந்தக் கல்லூரிகளிலிருந்து வரும் கேம்ப் மெயில் விளம்பரம்தான், வேறொன்றும் இல்லை.

அதனால் இரண்டு கேம்பை ஒப்பிடும்போது லோகோவை எண்ணாதீர்கள். கேம்ப் நடத்தும் கல்லூரியில் பையன் ஆடும் இடத்துக்கான கோச்சுக்கு அவனையே ஹட்ல் (ஆட்ட வீடியோ போடும் தளம்) வீடியோவோடு மெயில் போடச் சொல்லுங்கள். வீடியோவில் பார்த்த ஒரு ஆட்டத்தைக் குறிப்பிட்டு அவர் பதில் எழுதினால் போகலாம். நிஜமாகவே எந்தக் கல்லூரிகள் வருகின்றன, ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், சொன்ன கல்லூரிகள் வராவிட்டால் பணம் திரும்புமா, இதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். டிவிஷன் த்ரீயில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது என்பது உண்மைதான், ஹார்வர்ட், யேல் மாதிரி ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும்தான் கிடையாது. ஆனால் அந்தச் சின்னக் கல்லூரியின் கேம்புக்குப் போன இவன் நண்பனுடன் டிஃபென்சிவ் பேக்ஸ் கோச் (கார்னர்பேக் மாதிரி பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்கான கோச்) மதியம் முழுக்க நின்று கால் வைக்கும் விதத்தைத் திருத்தியிருக்கிறார், இப்போதும் மெசேஜ் போடுகிறார்.

அறிக்கைக்குக் கட்டிய பணத்துக்கு மட்டும் கார்டு கம்பெனியில் புகார் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் சொல்கிறேன்.