என் அம்மாவிடம் பத்து முறை பேர் கேட்ட மருத்துவமனை

அம்மாவுக்கு வயது 74. வலது முழங்கால் தேய்ந்து, இரண்டு வருடமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடை. பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூட்டு மாற்று அறுவை செய்தோம். திங்கள் மாலை சேர்த்து, வெள்ளி மாலை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மருத்துவமனையின் பெயரை இங்கே போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். அதைவிட, இதில் வரும் ஒரு சின்ன மிஸ்ஸியை (தாதியை) யாரும் தேடிப் போய்க் கேள்வி கேட்டுவிடக் கூடாது.

கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். அறை சுத்தம். சாப்பாடு உப்புச் சப்பில்லாத கஞ்சி. மூன்றாம் நாள் வார்டுத் தலைமைத் தாதியான சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு என் மனைவி லிட்டில் இந்தியாவில் ரசம் வாங்கிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, காப்புறுதிக் கம்பெனியின் உத்தரவாதக் கடிதத்துக்காக ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். இதெல்லாம் எல்லா இடத்திலும் உள்ளதுதான். நான் எழுத வந்தது வேறு.

நான் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பிறையில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. அதற்கு முன் பதினான்கு வருடம் கிரேன் ஓட்டினேன். முன்பு வேலை செய்த ஓர் ஆலையில், இரும்புக் கம்பிவடம் அறுந்து மூன்று டன் சுருள் கீழே விழுந்தது. கடவுள் புண்ணியம், அடியில் யாரும் இல்லை. விசாரித்தபோது தெரிந்தது: வடம் நைந்திருப்பதை நேபாளத் தம்பி ஒருவன் இரண்டு நாள் முன்பே பார்த்திருக்கிறான். சொன்னால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் சுவரில் ஒட்டிய சுவரொட்டியை நான் பார்ப்பதில்லை. ஒரு சின்ன ஆள் “நிறுத்துங்க” என்று சொன்னால் அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்றுதான் பார்ப்பேன். இந்த மருத்துவமனையையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன்.

சேர்த்த முதல் மணி நேரத்திலேயே அம்மாவிடம் நாலு பேர் பேர் கேட்டார்கள். பதிவில் கேட்டார்கள், ரத்தம் எடுத்தவர் கேட்டார், எக்ஸ்ரே எடுத்தவர் கேட்டார், வார்டில் மாத்திரை கொடுத்த மிஸ்ஸி கேட்டார். “மாரியம்மாவா?” என்று யாரும் கேட்கவில்லை. “உங்க முழுப் பேர் என்ன அம்மா?” என்று கேட்டு, அம்மா வாயால் சொன்ன பிறகு, மணிக்கட்டுப் பட்டையில் உள்ள ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணோடு ஒத்துப் பார்த்தார்கள். அம்மாவுக்குக் கோபம். “இவ்வளவு படிச்ச பிள்ளைங்க, ஒரு பேரை ஞாபகம் வெச்சுக்க முடியலையா?”

அம்மா கெடா மாநிலத்தில் கூலிம் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் என்ன கொடுத்தாலும் வாங்கி விழுங்கி வளர்ந்த தலைமுறை. வெள்ளை உடுப்புக்காரர் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வரும் முதல் சொல் “ஆமா”. அப்படிப்பட்டவரிடம் “மாரியம்மா தானே?” என்று கேட்பது ஆபத்து. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது புதன்கிழமை இரவுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கு முன் அறுவைச் சிகிச்சை. செவ்வாய்க் காலை, மயக்க மருந்து எதுவும் கொடுக்கும் முன், டாக்டர் வந்து “எந்தக் கால் அம்மா?” என்று கேட்டார். அம்மா தொட்டுக் காட்டிய பிறகு, அழியாத பேனாவால் வலது முழங்காலுக்கு மேல் அம்புக்குறி போட்டார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்ததால் அம்மாவுக்கு அரைகுறையாகக் காது கேட்டிருக்கிறது. “உள்ளே எல்லாரும் ஆளுக்கு ஆள் தங்களோட பேரைச் சொன்னாங்கடா, பள்ளிக்கூடத்துல வாத்தியார் பேர் கூப்பிடுவாரே, அது மாதிரி. அப்புறம் என் பேரு, எந்தக் காலுன்னு ஒருத்தர் சத்தமா சொன்னாரு. முடிக்கறப்ப யாரோ மலாயில ‘சத்து, டுவா, தீகா’ன்னு எண்ணிக்கிட்டே இருந்தாங்க.”

அம்மா சொன்னது வேறொன்றும் இல்லை, உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல்தான். மொத்தம் 19 வரி. மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், அறையை விட்டு வெளியேறும் முன் என்று மூன்று இடத்தில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். பஞ்சுத் துணியை எண்ணுவதும் அதில் அடக்கம். மணிலா, புது டெல்லி, லண்டன் உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் இதைச் சோதித்தார்கள். 2009இல் வெளிவந்த அந்த ஆய்வில், அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். புது இயந்திரமோ புது மருந்தோ இல்லை, ஒரு தாளும் அதைச் சத்தமாகப் படிக்கும் பழக்கமும்தான். ஆளுக்கு ஆள் பேர் சொல்வது எதற்கென்றால், ஒரு முறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை திறப்பது சுலபம். கிரேன் வேலையில் காலையில் வட்டமாக நின்று பேசுவதை நாங்களும் அதற்காகத்தான் வைத்திருக்கிறோம்.

இனி புதன் இரவு. நாலு கட்டில் உள்ள பெண்கள் அறை. ஆண்கள் இரவில் தங்கக் கூடாது என்பதால் என் மனைவிதான் துணை. நான் பாலம் தாண்டி வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு நான் வந்ததும் வார்டு சிஸ்டர் எங்கள் இருவரையும் கட்டிலருகே உட்காரச் சொன்னார். “நேற்று ராத்திரி ஒரு தவறு நடக்க இருந்தது. நடக்கவில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை” என்று தொடங்கினார்.

ஜன்னலோரக் கட்டிலில் இன்னொரு மாரியம்மா இருந்தார். என் அம்மா மாரியம்மா ஏ/பி முனியாண்டி, அதாவது முனியாண்டியின் மகள். அவர் மாரியம்மா ஏ/பி முனியன். நம் பெயர்களின் நிலைமை அதுதான். குடும்பப் பெயர் இல்லை, பாதி ஊருக்கு ஒரே பத்துப் பெயர். அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய், இரவு பத்து மணிக்கு இன்சுலின். அந்த இரவு வார்டில் ஆள் குறைவு; வேறு மாடியிலிருந்து வந்த மூத்த மிஸ்ஸி ஊசியோடு என் அம்மாவிடம் வந்து “மாரியம்மா தானே?” என்று கேட்டிருக்கிறார். அம்மா வழக்கம்போல “ஆமா” என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குச் சர்க்கரையே கிடையாது. இன்சுலின் ஏறியிருந்தால் தூக்கத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கும். என் மனைவி நாற்காலியில் அசந்து தூங்கிவிட்டாள். யாருக்கும் தெரிந்திருக்காது.

நிறுத்தியது இரண்டாவது மிஸ்ஸி. அந்த வார்டில் இன்சுலினை இரண்டு பேர் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும்; ஒருவர் மருந்துச் சீட்டைப் படிக்க, மற்றவர் பட்டையைப் படிக்க வேண்டும். கூட வந்தது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத மலாய்ப் பெண். பட்டையில் ஐ.சி. எண்ணைப் படித்திருக்கிறாள். சீட்டில் நடுவில் 07, அம்மா கையில் 02. பினாங்கில் பிறந்தவருக்கு 07, கெடாவில் பிறந்தவருக்கு 02. “காக், துங்கு” என்று சொல்லிவிட்டாள். அக்கா, பொறுங்க. அவ்வளவுதான்.

அந்த மூத்த மிஸ்ஸி என்ன செய்தார் தெரியுமா? ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி, அன்று இரவே தன் கையால் சம்பவ அறிக்கை எழுதியிருக்கிறார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, மூடி மறைத்திருக்கலாம். சிஸ்டர் இதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று டன் சுருள் விழுந்த அந்த ஆலையில் இப்படி ஒரு தாள் எழுதப்பட்டிருந்தால் என்று நினைத்தேன். ஆபத்து நெருங்கி வந்து விலகிப் போனதை எழுதும் படிவப் பெட்டி காலியாகக் கிடந்தால், முதலாளிமார் பெருமைப்படுவார்கள். எனக்குப் பயம் வரும்.

நான் சிஸ்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “அந்த மூத்த மிஸ்ஸியை என்ன செய்யப் போறீங்க?” அவர் சொன்னார்: “அவங்க மேல நடவடிக்கை எடுத்தா அடுத்தவங்க எழுத மாட்டாங்க. ஒரே பேர் உள்ள ரெண்டு பேரை ஒரே அறையில போட்டது எங்க தப்பு. வேற மாடியிலிருந்து வர்றவங்களுக்கு அதைச் சொல்லாம விட்டதும் எங்க தப்பு.” மதியத்துக்குள் மற்ற மாரியம்மாவை அடுத்த அறைக்கு மாற்றினார்கள். இருவர் கோப்பிலும் ‘ஒரே பெயர்’ என்று ஆரஞ்சு நிற ஒட்டி வந்தது. 1999இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம், அங்கே ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை மருத்துவமனைத் தவறுகளால் இறக்கிறார்கள் என்று அறிக்கை விட்டபோது சொன்னதும் இதுதான்: பெரும்பாலும் ஆள் கெட்டவர் அல்ல, ஏற்பாடு ஓட்டை. படித்தால் புரியும். ஆனால் ஒரு சிஸ்டர் கட்டிலருகே உட்கார்ந்து “எங்க தப்பு” என்று சொல்லிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் முறை.

இப்போது குறை. வியாழன் மாலை டாக்டர் சுற்றுக்கு வந்தார். கைத்திறமையில் அவரைக் குறை சொல்லவே முடியாது. இரண்டாம் நாளே அம்மாவை நடக்க வைத்தவர். பக்கத்துக் கட்டிலில் ஒருவரின் காயக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பி அம்மாவின் காயக்கட்டின் மேல் கை வைக்கப் போனார். கைக்கிருமி மருந்துப் புட்டி கட்டில் காலிலேயே தொங்குகிறது. கூடவே கோப்பைப் பிடித்து நின்ற மிஸ்ஸியின் கண் அந்தப் புட்டிக்குப் போனது, பிறகு தரைக்குப் போனது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நைந்த வடத்தைப் பார்த்த நேபாளத் தம்பியின் பார்வை.

“டாக்டர், மன்னிக்கணும், கை…” என்று நான்தான் சொன்னேன். அவர் நின்றார், தேய்த்துக்கொண்டார், வேலையை முடித்தார். எங்களிடம் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வெளியாள், பணம் கட்டும் ஆள், எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இன்னொரு மிஸ்ஸியைப் பார்த்து “துங்கு” என்று சொல்ல முடிகிற வார்டில், டாக்டரைப் பார்த்து அதையே சொல்ல முடியவில்லை. கீழே வரவேற்பறையில் செப்டம்பர் 17, உலக நோயாளர் பாதுகாப்பு நாளின் சுவரொட்டி இருக்கிறது. 2019இல் அந்த நாளை முதன்முதலாகக் கடைப்பிடித்தபோது வைத்த முழக்கமே ‘நோயாளர் பாதுகாப்புக்காகக் குரல் கொடுங்கள்’ என்பதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு புகார் எழுதினேன். மலேசியாவில் தனியார் மருத்துவமனைகளுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளிகளின் குறையைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும், தயங்காமல் பயன்படுத்துங்கள். மிஸ்ஸியின் பெயரையோ அங்கே இருந்த மற்றவர்களையோ குறிப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் தரப் பிரிவிலிருந்து ஓர் அம்மையார் கூப்பிட்டார். டாக்டரிடம் பேசியதாகச் சொன்னார். “அந்த மிஸ்ஸி ஏன் சொல்ல முடியவில்லை?” என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. “எங்களுக்கும் அதுதான் கஷ்டமான இடம், சார்” என்றார். மழுப்பாமல் சொன்னதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனாலும் ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றைக் குறைப்பது இதற்குத்தான்.

தமிழ் தெரிந்தவர் பணியில் இருந்தால்தான் அம்மாவுக்கு விளக்கம் கிடைக்கிறது என்பதும் ஒரு குறை. சம்மதப் படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். செவ்வாய்க் காலை தற்செயலாக ஒரு தமிழ் மிஸ்ஸி இருந்தார், வரி வரியாகச் சொன்னார். அவர் விடுமுறையில் இருந்திருந்தால் அம்மா இன்னொரு “ஆமா” சொல்லிக் கைநாட்டு வைத்திருப்பார்.

மருந்தகத்தைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. வெள்ளிக்கிழமை மருந்தாளர், ஒரு சீனப் பெண், வீட்டு மாத்திரைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லி மேசையில் கொட்டினார். அரசாங்க கிளினிக்கில் கொடுத்த ரத்த அழுத்த மாத்திரை ஒரு பெட்டியில், எங்கள் பக்கத்து டாக்டர் கொடுத்தது வேறு நிறப் பெட்டியில். இரண்டும் அம்லோடிபின். பல மாதமாக அம்மா இரண்டையும் விழுங்கியிருக்கிறார். அந்த மாத்திரை அளவு கூடினால் கால் வீங்கலாம்; நாங்கள் வீக்கத்துக்கு முழங்காலை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். ஒன்றைத் தனியே எடுத்து வைத்து, டாக்டரைக் கூப்பிட்டுப் பேசி, எங்கள் முன்னாலேயே முடிவு செய்தார். பிறகு அம்மாவிடம் பாசார் மலாயில், “நான் சொன்னதை இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க அம்மா” என்றார். அம்மா காலை மாத்திரையைச் சரியாகச் சொன்னார், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததைத் தவறாகச் சொன்னார். அவர் முகம் சுளிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொன்னார். மூன்றாம் முறைதான் எழுந்தார்.

இடது கால் அறுவை அடுத்த மாதம். அதே மருத்துவமனை, அதே டாக்டர்தான். அம்மாவைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம். யாராவது “மாரியம்மா தானே?” என்றால் “ஆமா” சொல்லாமல் முழுப் பேரையும் எண்ணையும் சொல்ல வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். தினமும் பசியாறிய பிறகு ஐ.சி. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் பண்ணுகிறார். கடைசி நாலு எண்தான் இன்னும் தடுமாறுகிறது.