சதையா, ரத்தமா?
மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பெரியப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். நோயெதிர்ப்பு மருந்து கேட்குமா என்று கணிக்க இரண்டு வழி.

கட்டியிலிருந்து எடுத்த சதையில், புற்றுசெல்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டினால், பலருக்குக் கீமோ இல்லாமலே பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைத் தரலாம். ஆனால் சதை எடுக்கப் பல நேரம் ஊசி மார்புக்குள் போகவேண்டும். பெரியப்பா பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரத்தம் சுலபம். நியூட்ரோஃபில், லிம்போசைட் இரண்டும் வெள்ளை அணு வகைகள். நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். நியூட்ரோஃபில் 6000, லிம்போசைட் 1000 என்றால் விகிதம் 6, கவலைதான். பெருகிய நியூட்ரோஃபில்கள் புற்றைக் கொல்லும் டி செல்களை (லிம்போசைட்டில் ஒருவகை) அடக்கலாம், மருந்து எடுபடாமல் போகலாம். ஆனால் கிருமித்தொற்று, ஸ்டீராய்டுகூட அந்த எண்ணை ஏற்றிவிடும்.

என்னைக் கேட்டால், மருந்தைத் தேர்ந்தெடுக்கச் சதைதான். அப்புறம் போக்கைக் கவனிக்க ரத்தம். ஒவ்வொரு எண்ணையும் தேதி போட்டு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுகிறோம்.