ஆயுஷின் 45 நிமிட யோகா: மனநல சிகிச்சையில் இருப்பவருக்கு எவ்வளவு பொருந்தும்?

உலக யோகா நாளை ஒட்டி 2015-இல் ஆயுஷ் அமைச்சகம் ஒரு பொது யோகா பயிற்சி முறையை வெளியிட்டது. பிரார்த்தனையில் தொடங்கி சாந்தி பாடத்தில் முடியும், மொத்தம் 45 நிமிடம். கையேடும் வீடியோவும் இலவசம். ஜூன் 21 அன்று மைதானங்களில் கூட்டமாகச் செய்வது இதைத்தான். மனச்சோர்வுக்கோ பதற்ற நோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறவரிடம் டாக்டர் "கூடவே யோகாவும் பண்ணுங்க" என்று சொன்னால், வீட்டுக்குப் போய் முதலில் தேடி எடுப்பதும் பெரும்பாலும் இந்த வீடியோதான்.

இது பொதுமக்களுக்காகத் தொகுத்த பயிற்சி. கையேட்டில் ஒவ்வொரு ஆசனத்தின் கீழும் வரும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இடுப்பு வலி, ரத்த அழுத்தம், குடலிறக்கம் என்று உடல் பக்கமே போகின்றன. மனநல மருத்துவரிடம் சிகிச்சையில் இருப்பவர் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சரக்கு நல்லது, முக்கால்வாசி அப்படியே பயன்படும். ஆனால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும், கபாலபாதி என்ற வேக மூச்சுப் பயிற்சியை எடுத்துவிட வேண்டும், நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் பகுதிகளில் சில மாற்றங்கள் வேண்டும். மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது.

கடைசி வாக்கியத்துக்குக் காரணம் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு நோய்) உள்ள 61 பேரை வைத்து நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு யோகா, இன்னொரு குழுவுக்கு உடற்பயிற்சி. 4 மாதம் கழித்துப் பார்த்தபோது நோய் அறிகுறிகளிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் யோகா குழு கூடுதலாகத் தேறியிருந்தது. ஆனால் இரண்டு குழுவும் மாத்திரையைத் தொடர்ந்தார்கள். "யோகா மாத்திரைக்குச் சமம்" என்று சொல்பவர்கள் வழக்கமாகக் காட்டுவது, அதே நிம்ஹான்ஸில் கடும் மனச்சோர்வு உள்ள 45 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வை. அதில் சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு ஏறக்குறைய ஈடாக வந்தது உண்மை. ஆனால் மின்னதிர்வு சிகிச்சை இரண்டையும் விட நன்றாக வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். குழுவுக்கு 15 பேர்தான் என்பதையும் சொல்வதில்லை. கனடாவின் 2016 மனச்சோர்வு சிகிச்சை வழிகாட்டி யோகாவை லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு, மற்ற சிகிச்சையோடு சேர்த்துத்தான், அதுவும் இரண்டாம் வரிசையில் வைத்திருக்கிறது. நியாயமான இடம் அதுதான்.

இனி பயிற்சிக்குள் போவோம். கழுத்து, இடுப்பு, முழங்காலைத் தளர்த்தும் தொடக்கப் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நின்று செய்வதில் தாடாசனம், அர்த்த சக்ராசனம், திரிகோணாசனம் மூன்றும் மனச்சோர்வு உள்ளவருக்கு அருமையானவை. மார்பு விரிகிறது, கண் திறந்திருக்கிறது, கை கால் எங்கே இருக்கிறது என்பதில் கவனம் நிற்கிறது. ஒரே நினைப்பை அரைத்துக்கொண்டிருக்கும் மனசுக்கு, உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்வதை விட இதுதான் முதலில் வேண்டும். இந்த முறை நின்று தொடங்குவதே அதன் பெரிய பலம்.

பாதஹஸ்தாசனத்தில் கவனம் தேவை. குனிந்து கையைத் தரையில் வைத்துவிட்டு நிமிரும் அந்த 2 வினாடியில்தான் ஆள் விழுகிறார். குவெட்டியாபின், குளோசபின், குளோர்புரோமசின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் படுத்து எழும்போதும் குனிந்து நிமிரும்போதும் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். மாத்திரை ஆரம்பித்த புதிதிலும், அளவு கூட்டிய வாரத்திலும் இது அதிகம். கண் இருட்டிக்கொண்டு வரும், கால் துவளும். மாற்று எளிது. இடுப்புயர நாற்காலி முதுகையோ ஜன்னல் திட்டையோ பிடித்துக்கொண்டு பாதி மட்டும் குனியுங்கள். மனசுக்குள் 8 எண்ணி நிமிருங்கள், தலை கடைசியில் வரட்டும். விருட்சாசனத்தை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று செய்யுங்கள். லோராசெபம், குளோனசெபம் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒற்றைக் காலில் தள்ளாட்டம் வரும். அது பயிற்சி போதாததால் வருவதல்ல.

உட்கார்ந்து செய்பவை பெரும்பாலும் சரி. ஓலான்சபின், குளோசபினால் வயிறு போட்டிருந்தால் சசாங்காசனத்தில் நெற்றி தரைக்கு வராது, மூச்சும் முட்டும். முன்னால் இரண்டு தலையணை அடுக்கி நெற்றியை அதன் மேல் வைத்தால் போதும்.

கபாலபாதிதான் பெரிய சிக்கல். வயிற்றை வெடுக்கென்று உள்ளே இழுத்து மூக்கு வழியாக மூச்சைத் தள்ள வேண்டும். சுற்றுக்கு 20, மொத்தம் 3 சுற்று. தள்ளுவது மட்டும்தான் நம் வேலை, உள்மூச்சு தானாக வரவேண்டும். புதிதாகச் செய்பவர் உள்மூச்சையும் பலமாக இழுப்பார். அப்படி இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு மளமளவென்று குறையும். விரல் நுனியில் ஊசி குத்தும், உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், தலை லேசாகும், நெஞ்சு படபடக்கும். மற்றவருக்கு இது ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். பேனிக் அட்டாக் உள்ளவருக்கு இவை ஒவ்வொன்றும் அட்டாக் தொடங்கும் அடையாளம். "வந்துடுச்சு" என்ற பயமே மீதியைக் கொண்டுவந்துவிடும், அடுத்த நாள் வகுப்புக்கு வரமாட்டார். இருதுருவ மனநோயில் மேனியா (அளவு மீறிய உற்சாகமும் வேகமும்) பக்கம் சாய்ந்திருப்பவருக்கும் வேக மூச்சு வேண்டாம், பஸ்திரிகாவும் இதில் சேர்த்தி. வலிப்பு உள்ளவர்களும், வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் குளோசபின் எடுப்பவர்களும் தொடவே கூடாது. யாருக்குச் சரிப்படும், யாருக்கு ஆகாது என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பதை விட, சிகிச்சையில் இருக்கும் எல்லாருமே இதை விட்டுவிடுவது நல்லது. விடுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

மூக்குத் துளையை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசோதனத்துக்கு 5 சுற்று என்பது சரியான அளவு. மூச்சைப் பிடிக்க வேண்டாம். 4 எண்ணி இழுத்து 6 எண்ணி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். பதற்றத்தில் இறுகிய நெஞ்சு இளகும் வேகம் இதுதான். எண்ணிச் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் உள்ள ஓசிடி நோயாளிக்கு மட்டும் சுற்றுக் கணக்கு ஆகாது. 5-ஆவது சுற்று சரியாக வரவில்லை என்று முதலிலிருந்து தொடங்குவார், யோகாவே புதுச் சடங்காகிவிடும். அவருக்கு அடுப்படிக் கடிகாரத்தில் 3 நிமிடம் வைத்துவிடுங்கள். மணி அடித்தால் எந்த மூச்சில் இருந்தாலும் நிறுத்த வேண்டும்.

பிராமரியைக் கையேடு சண்முகி முத்திரையோடு சொல்லித்தருகிறது. கட்டைவிரலால் காதை அடைத்து, மற்ற விரல்களைக் கண், மூக்கு, வாய் பக்கம் வைத்து வண்டு போல ரீங்கரிப்பது. காதில் குரல் கேட்கும் தொந்தரவு உள்ளவருக்கு, வெளிச் சத்தத்தை அடைத்து உள்ளே தள்ளும் இந்த நிலை வேண்டாம். பழைய வன்முறையின் காயம் உள்ளவருக்கும் கண்ணும் காதும் மூடுவது திகிலாகலாம். விரலை எடுத்துவிட்டு, கையைத் தொடையில் வைத்து, கண்ணைத் திறந்தபடியே "ம்ம்ம்" என்று 5 முறை ரீங்கரித்தால் போதும். நீளமான வெளிமூச்சும் உதட்டு அதிர்வும்தான் இதில் வேலை செய்கின்றன, அவை அப்படியே கிடைக்கும்.

சவாசனத்தைப் பற்றி ஆசிரியர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளால் சிலருக்குக் காலில் ஓயாத அரிப்பெடுத்த மாதிரி ஒரு பரபரப்பு வரும். படுக்கவும் முடியாது, ஒரே இடத்தில் நிற்கவும் முடியாது. இதை அகதிசியா என்பார்கள். "மனசு அலைபாயுது, அசையாம படுங்க" என்று அவரை அதட்டுவது கொடுமை. எழுந்து நடக்க விடுங்கள். டாக்டரிடம் இதை வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள், மருந்தளவை மாற்றினாலோ துணை மாத்திரை கொடுத்தாலோ பெரும்பாலும் குறையும். மற்றவர்களுக்கும் முதல் மாதம் 3 நிமிடச் சவாசனம் போதும். முடிந்ததும் வலப்பக்கம் ஒருக்களித்து, உட்கார்ந்து ஒரு நிமிடம் இருந்து, பிறகு எழ வேண்டும்.

கடைசியில் வரும் தியானத்தை சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நிஜம் எது என்று பிரித்தறிய முடியாதது) உள்ளவர்கள் விட்டுவிடலாம். தீவிரத் தியானத்துக்குப் பிறகு நோய் மறுபடி கிளம்பிய சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தூக்கத்தைக் குறைத்து, பல நாள் மௌனத்தில் உட்கார வைக்கும் முகாம்கள் இருதுருவ நோயாளிக்கு இன்னும் ஆபத்து. தூக்கம் கெட்டாலே மேனியா கிளம்பும்.

நேரம்: விடியற்காலை 5 மணிக்கு எழுந்திரு என்று வீட்டில் அடம்பிடிக்காதீர்கள். இரவு குவெட்டியாபினோ ஓலான்சபினோ போட்டவருக்குக் காலை 8 வரை உடம்பு கனமாகவே இருக்கும். மாலை 5 மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு 4 மணி நேரம் கழித்துச் செய்தால் தொடர்ந்து வருவார். இங்கே சோம்பல் என்று ஏசப்படுவதில் பாதி மருந்தின் கனம், பாதி நோய்.

முதல் மாதத்துக்கு நாங்கள் வெட்டி வைக்கும் வடிவம் சுமார் 22 நிமிடம் வரும். தளர்த்தும் அசைவுகள் 4 நிமிடம். தாடாசனம் 5 முறை, அர்த்த சக்ராசனம் 3 முறை, திரிகோணாசனம் பக்கத்துக்கு 2. உட்கார்ந்து வக்ராசனம், தலையணையோடு சசாங்காசனம். புஜங்காசனம் 3 முறை, சேதுபந்தாசனம் 3 முறை. பிறகு நாடிசோதனம், பிராமரி, சவாசனம். அர்த்த ஹலாசனம், உஷ்ட்ராசனம் இரண்டாவது மாதம் பார்க்கலாம். வீட்டில் இன்னொருவரும் கூடவே பாய் விரித்தால் வாரத்தில் 5 நாள் நடக்கும். தனியாக விட்டால் இரண்டாவது வாரமே நின்றுபோகும்.

இருதுருவ நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சில வகுப்புகளில் உப்புத் தண்ணீர் குடித்து வாந்தி எடுப்பது, வயிற்றைக் கழுவுவது போன்ற கிரியைகள் செய்வார்கள். சூடேற்றிய அறையில் வியர்க்க வியர்க்கச் செய்யும் வகுப்புகளும் இருக்கின்றன. உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை பலமாக நடுங்குவது, வாந்தி, பேதி, நடை தள்ளாடுவது தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. ஆயுஷ் முறையில் இந்தக் கிரியைகள் இல்லை. இந்தக் காரணத்துக்காகவே தெருமுனை வகுப்பை விட இந்த இலவச வீடியோ பாதுகாப்பானது.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற 9 கேள்வித் தாள் தமிழிலும் கிடைக்கிறது, மொத்தம் 27 மதிப்பெண். தொடங்கும் நாளிலும் 2 வாரத்துக்கு ஒரு முறையும் எழுதி வையுங்கள். ஒன்பதாவது கேள்வி, செத்துவிடலாம் என்ற எண்ணம் பற்றியது, முன்பை விடக் கூடியிருந்தால் பாயைச் சுருட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ராத்திரியில் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசுவார்கள்.

வீடியோ தொட்டுத் திருத்தாது, அதுதான் இதில் தீராத குறை. சென்னையில் இருப்பவர்கள் அரும்பாக்கம் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். மற்ற ஊர்களில் பட்டம் பெற்ற யோகா, இயற்கை மருத்துவரைத் தேடிப் போங்கள். போகும்போது மனநல டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டு போங்கள். குனியலாமா, மூச்சை வேகமாக விடலாமா என்பதை அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.