தரங்கம்பாடியா, வேளாங்கண்ணியா?

இரண்டுமே கடலோரத் தேவாலய ஊர்கள்தான். ஆனால் பழைய வரலாறு தெரிந்துகொள்ளப் போகிறவர்களுக்கு என் ஓட்டு தரங்கம்பாடிக்கு.

1792-இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டி ராஜ வீதிக்குள் போனால், கடல்வரை நடந்தே பார்த்துவிடலாம். 1701-இல் எழுந்த சீயோன் ஆலயம் ஒரு பக்கம். 1718-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் இன்னொரு பக்கம். அதன் முகப்பில், அன்று இந்த ஊரை ஆண்ட டென்மார்க் அரசரின் மகுடச் சின்னம் இன்னும் இருக்கிறது. தமிழில் புதிய ஏற்பாட்டை இதே ஊரில் அச்சிட்ட சீகன்பால்கு, 1719-இல் இறந்து இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கமானார். அவர் கல்லறை முன் நின்றால் பாடப்புத்தகத்தில் படித்த பெயர் சட்டென்று ஆளாகிவிடுகிறது. தெருக்கோடியில் 1620-இல் தொடங்கிய டேனிஷ் கோட்டை. வெயில்தான் கொல்லும், காலையிலேயே போய்விடுங்கள்.

வேளாங்கண்ணியில் வரலாற்றைவிடப் பக்திதான் கண்ணில் படும். மாதா காட்சி தந்த பால்காரச் சிறுவன், புயலில் தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகள் என்று எல்லாம் வாய்வழிக் கதைகள். இங்குள்ள மாதா ஆலயம் 1962-இல் பசிலிக்கா (போப் சிறப்புத் தகுதி தந்த ஆலயம்) ஆனது. காணிக்கை அருங்காட்சியகத்தை மட்டும் தவறவிடாதீர்கள்: வெள்ளித் தகட்டில் கண், கால், இதயம் என்று வரிசையாக. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. அந்த நெரிசலில் எதையும் நின்று பார்க்க முடியாது.